கட்டைவிரலில் நின்ற சிலாம்பு

ஓசூர்ப் பக்கம் தளியில், மூங்கில் வேலை செய்கிறவர்களின் தெருவில், முனிலட்சுமியின் மடியில் ஒரு தடவையாவது கிடக்காத கை கிடையாது.

பதினாலு வீடுகள். பதினாலிலும் மூங்கில்தான். காட்டிலிருந்து வரும் பச்சை மூங்கிலை வெட்டிப் பிளந்து, சீவிச் சீவி மெல்லிய பட்டைகளாகப் பிளாச்சு எடுத்து, கூடையும் முறமும் பட்டுப்பூச்சித் தட்டும் பின்னுவார்கள். மூங்கிலின் மேல்தோல் தடவிப் பார்த்தால் கண்ணாடி. பிளந்த விளிம்போ சவரக்கத்தி. அந்த விளிம்பிலிருந்து மயிரிழையாகக் கழன்று தோலுக்குள் போவதைச் சிலாம்பு என்பார்கள். முள்ளாவது தன் பின்பக்கத்தைக் கொஞ்சம் வெளியே விட்டுவைக்கும். சிலாம்புக்கு அந்த மரியாதை தெரியாது. போன வாசலைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்துவிடும்.

அதை எடுப்பதில் முனிலட்சுமிக்கு ஒரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் ஊசியைத் தொடமாட்டாள். கையை உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைப்பாள். தோல் வெளுத்துச் சுருங்கியதும் துடைத்து, ஒரு பருத்தி நூலை அதன்மேல் மெல்ல இழுப்பாள். நூல் எங்கே மாட்டுகிறதோ அதுதான் வாசல். பிறகு நகத்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அழுத்திக் கேட்பாள்: "இங்க நோவுதா? இங்க?" சிலாம்பு எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அப்புறந்தான் ஊசியை விளக்கில் காட்டிச் சூடேற்றி, தோலைக் குறுக்கே கிழிக்காமல், சிலாம்பு போன வழியோடு வழியாகத் திறப்பாள். முனை தெரிந்ததும் முள்வாங்கியால் பிடித்து, போன திசைக்கு நேர் எதிராக ஒரே இழுப்பு. வராமல் அடம்பிடிக்கிற சிலாம்புக்கு வெல்லமும் சுண்ணாம்பும் குழைத்து அப்பி ராத்திரி முழுக்க விடுவாள். விடிந்ததும் பாதி தானாக எழும்பி நிற்கும்.

எடுத்த சிலாம்பை அவள் கீழே போடமாட்டாள். யாருடையதோ அவர்கள் உள்ளங்கையில் வைப்பாள். அவர்கள் அதைப் பார்த்து, "போ" என்று சொல்லி ஊதிவிட வேண்டும். அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். காட்டாத சிலாம்பு வராத சிலாம்பு.

முனிலட்சுமி தளியிலேயே பிறந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் கன்னடம், பக்கத்து வீட்டு மங்கம்மாவோடு சண்டை வந்தால் தெலுங்கு. அவள் புருஷன் நாராயணப்பன் நாகரசம்பட்டிக்காரன். மாந்தோப்புக்குக் கூடை வாங்க இருபது வயதில் வண்டியோடு வந்தவன், கூடை பின்னுகிற வீட்டிலேயே பெண் கட்டிக்கொண்டு இங்கே தங்கிவிட்டான். கன்னடத்தைக் காதால் கற்றுக்கொண்டான்; வாயால் அவ்வளவாகக் கற்றுக்கொள்ளவில்லை. அவனுக்குத் தமிழே வாயில் அவ்வளவாக வராது. காலையில் கத்தியோடு உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும், "தண்ணி", "நகரு", "அத்த எடு" என்பதற்குமேல் நாலாவது வார்த்தை கிடையாது. பிள்ளைகளும் பிறக்கவில்லை. வீட்டில் சத்தம் என்று இருந்தால் அது மூங்கில் பிளக்கிற சத்தம்.

ஆனால் சாயங்காலம் வேலையை ஏறக்கட்டிவிட்டு, விளக்கு வைக்கிறதுக்கு முன்னால் அவன் வாசலில் வந்து அவள் எதிரே உட்காருவான். கையை நீட்டுவான். அன்றைக்கு ஏறிய சிலாம்பு ஒன்றோ இரண்டோ இருக்கும். அவள் குனிந்து எடுத்துக்கொண்டிருக்கும் அந்தக் கால் மணி நேரம் அவன் பேசுவான். நாகரசம்பட்டியில் அவன் ஏறி விழுந்த மரத்தைப் பற்றி. வண்டி கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போன ராத்திரியில் ஒரு மாடு மட்டும் நின்றுகொண்டே தூங்கியதைப் பற்றி. வலியை மறக்கத்தான் பேசுகிறானோ என்று கல்யாணமான புதிதில் நினைத்தாள். பிறகு தெரிந்தது, சிலாம்பே இல்லாத நாளிலும் அவன் ஏதாவது ஒரு விரலைக் காட்டி, "இங்க என்னமோ குத்துது, பாரு" என்று உட்காருவான். அவளும் பார்ப்பாள். இல்லாததை ரொம்ப நேரம் தேடுவாள்.

முனிலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயது நடக்கையில் ஊசிக் காது தொலைந்தது. நூலை நீட்டினால் அது காற்றில் போயிற்று. ஊசி பழசு என்று நினைத்தாள். சந்தையில் புது ஊசி வாங்கினாள். அதற்குக் காதே வைக்கவில்லை போலிருந்தது. கண்ணில் கோளாறு என்று அவளுக்குத் தோன்றவில்லை. கோளாறு என்றால் தூரத்தில் இருப்பதல்லவா முதலில் மறைய வேண்டும்? அவளுக்கோ எதிர்ச் சரிவில் மேயும் ஆடு யார் வீட்டு ஆடு என்பதுகூடத் தெரிந்தது. மடியில் கிடக்கும் கைதான் பனி விழுந்த மாதிரி இருந்தது.

ரெண்டு வருஷம் அதை யாருக்கும் சொல்லாமல் ஓட்டினாள். நூல் மாட்டுகிற இடத்தை வைத்து, நகத்தின் அழுத்தத்தை வைத்து, ஊசி முனையில் தட்டுப்படுவதை வைத்து எடுத்தாள். சந்தேகமாக இருந்தால் ஊசியை வைத்துவிட்டு வெல்லம் சுண்ணாம்பு போட்டாள். "முன்ன மாதிரி நோண்டறதில்ல, எம்மாம் பக்குவம் வந்துடுச்சி பாரு உனக்கு" என்று தெருவில் மெச்சினார்கள்.

யாராவது முறத்தில் தானியத்தைக் காட்டி, "இதுல கல்லு இருக்குதா பாரு" என்றால், "தெரியல" என்பாள். அது பொய் இல்லை. தமிழில் அந்த ஒரு வார்த்தை இரண்டு ஆள் வேலை செய்கிறது. கண்ணுக்குப் படவில்லை என்றாலும் தெரியல. அறிவுக்கு எட்டவில்லை என்றாலும் தெரியல. அவள் ஒன்றைச் சொல்வாள். கேட்கிறவர்கள் மற்றதை எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த இடுக்கில் அவள் ரெண்டு வருஷம் ஒண்டியிருந்தாள்.

ஐம்பத்தாறாம் வருஷம், மாங்காய்க் காலம். கிருஷ்ணகிரி மண்டிக்கு முந்நூறு கூடை கேட்டிருந்தார்கள். டீக்கடையில், மாகாணம் பிரிக்கும்போது தளி மைசூர்ப் பக்கம் போகுமா மதராஸ் பக்கமே நிற்குமா என்று வாதம் நடந்துகொண்டிருந்தது. அதைக் கேட்கக்கூட நாராயணப்பனுக்கு நேரம் இல்லை. வலது கட்டைவிரலால் பிளாச்சைக் கத்திமேல் அழுத்தி இழுத்து இழுத்துச் சீவிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் அந்த விரலைத்தான் நீட்டினான்.

"ஆழமா போயிருக்குது. மத்தியானமே போச்சி. வேலய உட முடியல."

வெந்நீரில் ஊறவைத்தாள். நூல் நகத்தின் ஓரத்துக்குக் கீழே மாட்டியது. திசை கணு பக்கம். ஊசியால் திறந்தாள். வானம் மங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்ணுக்கு விரலும் இல்லை, ஊசியும் இல்லை, சிவப்பாக ஒரு புகை மட்டும் இருந்தது. ஊசி முனையில் அது தட்டுப்பட்டது. எலும்பு இல்லை, எலும்பு நழுவாது. இது நழுவியது. மறுபடி தேடினாள். மறுபடி தட்டுப்பட்டது, மறுபடி இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று.

நாராயணப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். இந்த மாங்காய்க் காலம் முடிந்ததும் அவளை நாகரசம்பட்டிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னான். "எங்க அண்ணன் தோப்புல ஒரு மரம் இருக்குது. கை எட்டற ஒயரத்துல காய்க்கும். நீ நின்ன எடத்துல நின்னுகினே பறிக்கலாம்." சொல்லிவிட்டு, "வந்துச்சா?" என்றான்.

ரத்தம் அவள் விரலிலும் பிசுபிசுத்தது. வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்பான். பார்க்க முடியவில்லை என்றால் நாளைக்கு வேறு மடிக்குப் போவான்; பேச்சும் அந்த மடிக்கே போய்விடும். அவள் முந்தானையிலும் தரையிலும் எங்கே கை வைத்தாலும் மூங்கில் தூசியும் சிம்பும்தான். ஒன்றை விரலில் ஒட்டி எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதோ."

அவன் பார்த்தான். "போ" என்று ஊதிவிட்டான்.

மூன்றாம் நாள் விரல் உருண்டது. நாலாம் நாள் நகத்தடியில் கருஞ்சிவப்பாகி, துடிப்பு முழங்கை வரை ஏறியது. கத்தியைப் பிடிக்க முடியவில்லை. முனிலட்சுமி வெல்லமும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டாள். கழுவிவிட்டு மறுபடி போட்டாள். சின்ன வெங்காயத்தைச் சுட்டு வைத்துக் கட்டினாள். தோல் தடித்து இறுகியதே தவிர ஒன்றும் வரவில்லை.

மங்கம்மா வந்து பார்த்தாள். வாய் பெரிது, மனசும் பெரிது அவளுக்கு. "ஏமண்ணா, இது வெரலா, கத்திரிக்காயா? உள்ள சிலாம்பு நின்னுகினு இருக்கப் போவுது."

"அதெல்லாம் இல்ல," என்றான் நாராயணப்பன். "அன்னிக்கே எடுத்துட்டா. என் கையிலயே வெச்சா, நான் ஊதி உட்டன்."

"முழுசா வந்துச்சா?"

"அவ எடுத்தா முழுசா வராம? உன்ன மாதிரியா, கெழங்கு தோண்டறவளா?"

"ஆமாப்பா, நான் கெழங்கு தோண்டறவ. உன் பொண்டாட்டி பூப்பறிக்கிறவ." மங்கம்மா சிரித்துக்கொண்டே முனிலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். பார்வை ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு, "ஓசூருக்குக் கூட்டிகினு போக்கா. வெளையாட்டு இல்ல இது," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முனிலட்சுமி அவன் எதிரே உட்கார்ந்து சொன்னாள்: "என்னாங்க, அன்னிக்கு எனக்குச் சரியாத் தெரியல."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ என்னா டாக்டரா?" என்றான் அவன். "யார் கண்ணு பட்டுதோ. முந்நூறு கூடைன்னு ஊரெல்லாம் பேச்சு."

இல்லை, அந்தத் தெரியல இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், எழுந்து போய் இன்னொரு வெங்காயத்தைச் சுட்டாள்.

ஏழாம் நாள், ஓசூர் பஸ்ஸில் அவன் கையை நெஞ்சோடு சேர்த்து, குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு வந்தான். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் அவன் கண்ணை மூடுவதை அவள் பார்த்தாள்.

ஓசூரில் இருந்த டாக்டரை மைசூர் டாக்டர் என்பார்கள். வயசானவர். கன்னடம்தான் அவர் பாஷை. தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். கட்டை அவிழ்த்து, விரலை இப்படியும் அப்படியும் திருப்பினார். நாராயணப்பன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"முள்ளு ஏறிச்சா?"

"மூங்கில் சிலாம்பு சாமி. அத்த அன்னிக்கே எடுத்தாச்சி."

"பூரா பந்துதா?"

"பூரா வந்துடுச்சி சாமி. நானே பாத்தன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். மெதுவாக, அவர்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். முள் உள்ளே நின்றிருந்தால் கவலை இல்லை. கிழித்து அதை எடுத்துவிட்டால் சீழ் வற்றிவிடும், பென்சிலின் ஊசி போட்டால் ஆறிவிடும். ஆனால் முள் இல்லாமலே ஒரு வாரமாகச் சீழ் ஏறிக்கொண்டு போகிறது என்றால் அது எலும்பைப் பிடித்துவிட்டது. இங்கே வைத்துப் பார்க்கிற காரியம் இல்லை. பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருகிறேன். அங்கே மேல் கணுவரைக்கும் எடுத்துவிடுவார்கள். தள்ளிப்போட்டால் கையே போகும்.

"எடுத்துடுவாங்கன்னா?" என்றான் நாராயணப்பன்.

டாக்டர் தன் கட்டைவிரலின் மேல் கணுவில் மற்றக் கையின் விரலை வைத்துக் காட்டினார்.

நாராயணப்பன் மடியில் கிடந்த கையைக் குனிந்து பார்த்தான். கட்டைவிரல் இல்லாதவன் கத்தி பிடிக்க முடியாது. கத்தி பிடிக்காதவனுக்கு அந்தத் தெருவில் என்ன வேலை? நாகரசம்பட்டியில் அண்ணன் தோப்பில் காவல் இருக்கலாம். கையை மறைத்துக்கொண்டு. முனிலட்சுமி இதெல்லாம் அவன் தலை தொங்கியதில் பார்த்துவிட்டாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா எடுத்தது? முள்ளு பூரா பந்துதா?"

"தெரியல சாமி," என்றாள்.

"எடுத்தவளுக்கே தெரியல்லான்னா இன்னு யாருக்குத் தெரியும்?" அவருக்கு எரிச்சல் வந்தது.

"பயந்துகினு சொல்றா சாமி," என்றான் நாராயணப்பன். "அவ எடுத்தா தப்பாது. தளியில கேட்டுப் பாருங்க."

டாக்டர் காகிதத்தை இழுத்துச் சீட்டு எழுதத் தொடங்கினார். முனிலட்சுமி வாசற்படியோரம் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து மேஜை நாலு முழம் இருக்கும். பேனா முனை தெளிவாகத் தெரிந்தது. மை ஊறுவது தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் எறும்பு எறும்பாக வரிசையில் வந்து நிற்பது தெரிந்தது. படிக்கத் தெரியாத எழுத்தெல்லாம் அவ்வளவு துலக்கமாகத் தெரிகிறபோது, தொட்டுத் துடைத்த விரல் தெரியாமல் போனதே என்று அவள் நினைத்தாள். சீட்டு முக்கால்வாசி ஆகிவிட்டது.

தமிழில் இனிச் சொல்லிப் பயன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தமிழில் எதைச் சொன்னாலும் புருஷன் அதைத் தூக்கி அவளுக்குச் சாதகமான பக்கத்தில் வைத்துவிடுவான். கன்னடத்தில் அந்த இடுக்கு கிடையாது. அறியாததற்கு ஒரு வார்த்தை. காணாததற்கு வேறொரு வார்த்தை.

"சாமி," என்றாள். "நனகெ கண்ணு காணிசல்லா."

பேனா நின்றது.

"முள்ளு ஒளகே இதெ. நானு தெகீலில்லா."

எனக்குக் கண் தெரியாது. முள் உள்ளேதான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. நாராயணப்பனுக்குப் பேச வராத பாஷைதான். ஆனால் இருபத்துச் சொச்சம் வருஷம் காதால் கேட்ட பாஷை. மூன்று வாக்கியமும் அவனுக்குப் புரிந்தது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கோபம் இல்லை அதில். தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"அப்போ என் கையில வெச்சது?"

"கீழ கெடந்தது."

டாக்டர் சீட்டைக் கிழிக்கவில்லை; ஓரமாகத் தள்ளி வைத்தார். எழுந்து சின்னக் கத்தியும் இடுக்கியும் எடுத்து வெந்நீரில் போட்டார். எந்தப் பக்கம் ஏறியது என்று கன்னடத்தில் கேட்டார். முனிலட்சுமி கிட்டே வந்து, விரலைத் தொடாமல், தன் சுண்டுவிரலைக் காற்றில் வைத்துக் காட்டினாள். நகத்து ஓரத்துக்குக் கீழே வாசல். சாய்ந்து கணு பக்கம் படுத்திருந்தது. இரண்டு தடவை ஊசியில் தட்டுப்பட்டு இரண்டு தடவையும் உள்ளே போயிற்று. நான்தான் தள்ளினேன். இப்போது இந்த இடத்தில் இருக்கும்.

அவள் காட்டிய வழியிலேயே டாக்டர் திறந்தார். முதலில் சீழ். நாராயணப்பன் காலால் மேஜைக் காலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். இடுக்கி உள்ளே போய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. அரை விரல்கடை நீளம், ஊறிக் கறுத்துப்போயிருந்தது. டாக்டர் அதைப் பீங்கான் தட்டில் போட்டார். ஊதிவிடச் சொல்லி அதை யாரும் யார் கையிலும் வைக்கவில்லை.

பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். நகம் விழுந்து முளைக்கும். நாலு நாள் வந்து ஊசி போட்டுக்கொள்ளட்டும். பிறகு அவளைப் பார்த்து, உனக்குக் கண் போகவில்லை, நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் கிட்டத்தில் இருப்பது மங்கும், பெங்களூரில் கண்ணாடி போட்டுக்கொள் என்றார். வேறு யாருக்கோ சொல்வதைக் கேட்பதுபோல அவள் தலையாட்டினாள்.

திரும்பும் பஸ் பாதி வழி வந்திருந்தது.

"எத்தினி நாளா?" என்றான்.

"ரெண்டு வருசம் ஆவுது."

"ரெண்டு வருசமா நீ காட்டுனது எல்லாமே…"

"இல்ல, இல்ல. அதெல்லாம் நெசமா வந்தது. வராதத வரலன்னு சொல்லிச் சுண்ணாம்பு போட்டன். அன்னிக்கு ஒண்ணுதான்."

அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் அத்த ஊதி உட்டனேடி," என்றான். விரலைவிட அதுதான் அவனுக்கு வலித்ததுபோல் இருந்தது.

பிறகு, "கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு என்னா?" என்றான்.

"நீங்க மங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவீங்கன்னு."

"மங்கம்மா ஊட்டுக்குப் போனா என்னா?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. பஸ்ஸில், அத்தனை பேர் நடுவில், அதற்கு வார்த்தை இல்லை. தூரத்தில் ஒரு சரிவில் யாரோ உழுதுகொண்டிருந்தார்கள். மாட்டின் கொம்புவரை தெரிந்தது.

விரல் ஆறியது. நகம் கழன்று விழுந்து, கீழே இளந்தோல் வந்தது. மண்டிக்குப் போக வேண்டிய கூடையில் பாதியைத் தெருவே பின்னி அனுப்பியது. நாராயணப்பன் மறுபடி கத்தியைத் தொட்ட மூன்றாம் நாள், இடது கையில் ஒன்று ஏறியது. சாயங்காலம் முனிலட்சுமி வெந்நீர் வைத்துக் காத்திருந்தாள். அவன் அவளைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனான்.

"ஏமண்ணா, வழி தப்பி வந்துட்டியா?" மங்கம்மாவின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "கெழங்கு தோண்டறவகிட்டவா கைய நீட்டற? அப்புறம் அழக்கூடாது, ஆமா."

அவன் அங்கே என்ன பேசினான் என்று முனிலட்சுமி காது கொடுத்தாள். மங்கம்மா மட்டும்தான் பேசினாள். அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திரும்பி வந்து, கையைக் கழுவிவிட்டு, சோறு தின்றுவிட்டுப் படுத்தான். வைத்த வெந்நீர் ஆறிப்போனது.

ஒரு வாரம் போனது. ஒருநாள் உச்சிப் பொழுது. வாசலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. நாராயணப்பன் பாதி பின்னிய கூடையை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். வேலை நடுவில் அவன் எழுந்திருப்பவன் இல்லை. வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"லட்சுமி. ஊசி எடுத்துகினு வா."

அவள் உப்பு வெந்நீரும் நூலும் ஊசியும் முள்வாங்கியும் எடுத்து வந்தாள். இடது ஆள்காட்டி விரல். ஊறவைத்துத் துடைத்து மடியில் வைத்துக் குனிந்தாள்.

"தெரியுதா?"

அந்த வார்த்தையில் இப்போது ஒளிய இடம் இல்லை. "தெரியல," என்றாள்.

அவன் கையை மடியிலிருந்து உருவிக்கொண்டான். எழுந்து போகப்போகிறான் என்று நினைத்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பின்னால் நகர்ந்து, கையை மட்டும் அவளுக்கு முன்னால் நீட்டினான்.

"இப்ப?"

"தெரியல."

இன்னும் கொஞ்சம் நகர்ந்தான். தோளிலிருந்து விரல்வரை ஒரே கோடாக நீட்டினான். "இப்ப?"

பனி விலகிற்று. விரல் ரேகை தெரிந்தது. ரேகைக்குக் குறுக்கே, பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு சின்னக் கறுப்பு.

"தெரியுது," என்றாள். "எப்படிங்க…"

"கொள்ளுல கல்லு பொறுக்கறப்ப பாத்துகினு இருந்தன். மொறத்த எட்டத் தள்ளி வெச்சிகினு, தலைய பின்னால இழுத்துக்கற. டாக்டரு சொன்னது அப்பத்தான் பிடிபட்டுது. கிட்டத்துல இருக்கறதுதான் உனக்குத் தெரியல."

அவளும் கையை முழுக்க நீட்டினால்தான் ஊசி அங்கே எட்டியது. நீட்டிய கை நடுங்கும். நடுங்காமல் பிடிக்க மூச்சை அடக்க வேண்டும். மூச்சு விட ஊசியை எடுக்க வேண்டும். முன்பெல்லாம் இமைப்பொழுதில் முடிகிற காரியம் இப்போது முடிகிற வழியாக இல்லை.

வாசலோடு போன மங்கம்மா நின்றாள். "என்னக்கா, புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டையா? இம்மாம் எட்டத்துல உக்காந்திருக்கறீங்க?"

மங்கம்மா ஊசியைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாராயணப்பன் பேசவில்லை. பேசினால் தோள் அசையும், தோள் அசைந்தால் விரல் அசையும். உதட்டை மடித்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நீட்டிய கையைத் தூணாக வைத்திருந்தான். இந்த மௌனத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. இருபத்துச் சொச்சம் வருஷம் அவன் பேச, அவள் குனிந்து கேட்ட கால் மணி நேரம் இது. இப்போது அவனால் பேச முடியாது. இப்போது அவள் தலை குனிந்தும் இல்லை. நிமிர்ந்து, அவன் முகம் நேரே தெரிகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஊசியைச் சற்று எடுத்து, மூச்சு விட்டாள்.

"மங்கம்மா ஊட்டுக்குப் போனா என்னான்னு பஸ்ல கேட்டீங்க இல்ல," என்றாள்.

அவன் கையை அசைக்காமல் அவளைப் பார்த்தான்.

"சொல்றன்," என்று சொல்லிவிட்டு, மறுபடி ஊசியை நீட்டினாள்.